வி-கிராஸ் பிக்கப்ல வீட்டுலயே ஆஃப்-ரோடு வேலை: அடிக்கடி வர்ற கேள்விகளும் பதிலும்

இசுசு வி-கிராஸ் வச்சிருக்கறவங்களும் செகண்ட்ஸ்ல ஒண்ணு எடுக்கலாமான்னு பாக்கறவங்களும் திரும்பத் திரும்ப கேக்கறத எல்லாம் இங்க சேத்துப் போட்டிருக்கேன். 2016ல ஸ்ரீசிட்டி ஃபேக்டரில இருந்து வர ஆரம்பிச்ச வண்டி, முன்னாடி டபுள் விஷ்போன் காயில், பின்னாடி பட்டை (லீஃப் ஸ்பிரிங்), பார்ட் டைம் ஃபோர் பை ஃபோர் (வேணும்போது மட்டும் நாலு வீலுக்கும் பவர் போறது), அத வச்சுதான் எல்லா பதிலும். ஹைலக்ஸ்காரங்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும், அளவு மட்டும் உங்க வண்டிக்குப் பாத்துக்கோங்க.

அண்ணே, புது வண்டி, முதல்ல என்ன மாட்டறது? லைட் பாரா பம்பரா?

ரெண்டும் இல்லீங்க. டயர். கம்பெனி போட்டுத் தர்றது ஹைவே டயர், அத வச்சுக்கிட்டு ஈரக் களிமண்ணுல இறங்கினா ஃபோர் லோ (நாலு வீலுக்கும் பலம் கூட்டற மெது கியர்) போட்டாலும் நாலு வீலும் சேந்து சும்மா சுத்தும். நல்ல ஆல் டெரைன் டயர், ஒரு 12 வோல்ட் ஏர் கம்ப்ரசர், காத்து பாக்க ஒரு கேஜ், முன்னாடி பின்னாடி ஒழுங்கான ரெக்கவரி ஹூக், இந்த நாலு இருந்தா போதும், சாதாரணமா நாம போற எஸ்டேட் ரோடு, ஆத்து மணல், தோட்டத்து சேறு எல்லாத்தையும் தாண்டிரலாம். மணல்ல இறங்கறதுக்கு முன்னாடி காத்த 18 பிஎஸ்ஐ கிட்ட இறக்கிப் பாருங்க, அதுலயே வேற வண்டி ஓட்டற மாதிரி தெரியும். திரும்ப தார் ரோட்டுக்கு வந்ததும் காத்து ஏத்தாம ஓட்டக்கூடாது, சைடுவால் சூடாகி வெடிக்கும், அதுக்குத்தான் கம்ப்ரசர் கையில இருக்கணும்னு சொல்றேன்.

வெளிய தெரியற அயிட்டம் எல்லாம் வெயிட்டு. இரும்பு பம்பர், வின்ச் (மோட்டார் வச்சு ரோப்ப இழுக்கற மெஷின்), ரூஃப் ரேக், ரூஃப் டென்ட்னு ஒண்ணொண்ணா ஏத்திக்கிட்டே போனா முன்னாடி காயில் உக்காரும், உக்காந்தா லிஃப்ட் (வண்டிய உயர்த்தற வேலை) கேக்கும், லிஃப்ட் போட்டா அலைன்மென்ட் கேக்கும், ஆக்சில் ஜாயின்ட் கேக்கும். ஒரு பார்ட் வாங்கும்போதே அது அடுத்து எதைக் கேக்கப் போகுதுன்னு பாத்துட்டு வாங்குங்க, பில்லு அங்கதான் ஏறுது.

டயர் எந்த சைஸ் வரைக்கும் போகலாம்?

பழைய வி-கிராஸ்ல 255/65 ஆர்17, அப்புறம் வந்ததுல 255/60 ஆர்18. ரெண்டுக்கும் வெளி விட்டம் 763 மிமீ தான், ரிம் பெருசாச்சு, ரப்பர் கொறஞ்சிருச்சு, அவ்வளவுதான். கல்லு ரோட்டுக்கு 17 ரிம்மே மேல், சைடுவால் உயரமா இருந்தா காத்த இறக்கும்போது வளைஞ்சு கொடுக்கும், ரிம்மும் அடிபடாது. 18ல இருந்து 17க்கு இறங்கறவங்க பழைய வண்டியோட ரிம்ம செகண்ட்ஸ்ல தேடிப் பாருங்க, ஆறு போல்ட், பிசிடி (போல்ட் ஓட்டை வட்டத்தோட விட்டம்) 139.7 மிமீ.

265/65 ஆர்17 போட்டா விட்டம் 776, எந்த வேலையும் இல்லாம உக்காந்துரும், ஸ்பீடோமீட்டர்லயும் பெரிய வித்தியாசம் தெரியாது. 265/70 ஆர்17 போட்டா 803 மிமீ, அதாவது வண்டி 2 செமீ தூக்கும், மீட்டர் 100 காட்டும்போது நீங்க நிஜத்துல 105 கிட்ட போறீங்க, ஸ்பீட் கேமரா இருக்கற ரோட்டுல இத மறந்துராதீங்க. இந்த சைஸ்ல ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு ஒரு பக்கம் மேட்டுல ஏத்திப் பாக்கணும், வீல் ஆர்ச்சுக்குள்ள இருக்கற பிளாஸ்டிக்ல உரசற வாய்ப்பு இருக்கு. 285 வேணும்னு கேக்கறவங்களுக்கு என் பதில் வேண்டாங்கறதுதான். டயரும் ரிம்மும் சேந்து கனமாகும், வண்டியோட இழுவை சாகும், பிரேக் தூரம் கூடும், கிளட்ச் சீக்கிரம் போகும். படம் எடுக்க மட்டும்தான் அது நல்லா இருக்கும்.

ஸ்டெப்னியும் அதே சைஸ்ல இருக்கணும். ஃபோர் வீல் போட்டு ஓட்டும்போது ஒரு ஆக்சில்ல ஒரு சைஸ் இன்னொண்ணுல வேற சைஸ்னா ரெண்டு ஆக்சிலுக்கும் பவர் பிரிக்கற டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் பலி. புது சைஸ் ஸ்டெப்னி தொட்டிக்கு அடியில ஏறுதான்னு கடையிலயே ஏத்திப் பாத்துருங்க.

வீட்டுலயே பண்ற அளவுக்கு இடமும் டூல்ஸும் என்ன வேணும்?

வண்டி 5295 மிமீ நீளம், நம்ம ஊர்ல கட்டற போர்டிகோல பாதி வெளியதான் நிக்கும். சமமான கான்கிரீட் தரை இருந்தா போதும். டைல்ஸ் போட்ட போர்டிகோனா ஜாக்கிக்கு கீழ 18 மிமீ பிளைவுட் ஒரு துண்டு போடுங்க, இல்லன்னா டைல் படக்குனு விரிஞ்சிரும், அப்புறம் வீட்டுல வாங்கற திட்டு தனி.

வண்டியோட வர்ற ஜாக்கி பஞ்சர் போடறதுக்கு மட்டும்தான். 3 டன் டிராலி ஜாக்கி ஒண்ணு, சாதா பாட்டில் ஜாக்கி ஒண்ணு, ஒரு ஜோடி ஜாக்கி ஸ்டாண்ட், டார்க் ரென்ச், ரிங் ஸ்பேனர் செட்டு, பெரிய பிரேக்கர் பார், ரெண்டு சி-கிளாம்ப், துரு நட்டுக்கு டபிள்யூடி 40. செங்கல், ஹாலோ பிளாக் வச்சு வண்டிய நிறுத்தாதீங்க, ஹாலோ பிளாக் விரிசல் கூட விடாது, ஒரேயடியா பொடியாயிரும். ஜாக்கி மேல மட்டும் நிக்கற வண்டிக்கு அடியில தலைய விடறது அத விட மோசம். தனியா வேலை செய்யாதீங்க, பக்கத்து வீட்டு தம்பியாவது ஒருத்தர் கூட நிக்கட்டும்.

லிஃப்ட் எத்தனை இன்ச் போடலாம்?

40ல இருந்து 50 மிமீ, அதுக்கு மேல வேண்டாம். முன்னாடி ஆக்சில் ஷாஃப்ட் நேரா நிக்கறதில்ல, டிஃபரன்ஷியல்ல இருந்து வீலுக்கு சாஞ்சு போகுது. வண்டிய தூக்கத் தூக்க அந்த சாய்வு கூடும், சிவி ஜாயின்ட்டோட (ஷாஃப்ட் சாஞ்சாலும் சுத்த விடற மூட்டு) ரப்பர் பூட் மடிப்பு ஒண்ணோட ஒண்ணு உரசிக் கிழியும், கிரீஸ் வெளிய வந்து மண்ணு உள்ள போகும், அப்புறம் ஒடிச்சுத் திருப்பும்போது டக்கு டக்குனு சத்தம். அதுக்கும் மேல போகணும்னா அப்பர் ஆர்ம் மாத்தணும், டிஃப்ப கீழ இறக்கணும், வீட்டு வேலைங்கற கணக்குல இருந்தே அது போயிருச்சு.

இன்னொண்ணு. இந்த வண்டிக்கு கிரவுண்ட் கிளியரன்ஸ் மொதல்லயே 225 மிமீ. லிஃப்ட் போட்டா சேஸிஸும் பம்பரும்தான் உயரும், பின் ஆக்சில்ல இருக்கற அந்தக் குண்டு டிஃபரன்ஷியல் அதே இடத்துலதான் நிக்கும். அத உயர்த்தறது டயர் மட்டும்தான்.

பின்னாடி பட்டைல வேலை எப்படி பண்றது? வீட்டுல முடியுமா?

முடியும், பொறுமை இருந்தா ஞாயித்துக்கிழமை ஒரு நாள் வேலை. மூணு வழி இருக்கு. நீளமான ஷேக்கிள் (பட்டையோட ஒரு நுனிய சேஸிஸோட சேக்கற தொங்கு பிளேட்) போடலாம், சுலபம், ஆனா ஷேக்கிள் 50 மிமீ கூட்டினா வண்டி தூக்கறது பாதிதான், 25 கிட்ட, ஆட்டமும் கூடும். ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவுல பிளாக் வைக்கலாம், மலிவு, கனமா லோடு அடிக்கறவங்களுக்கு எனக்குப் பிடிக்காது. மூணாவது கூடுதல் பட்டை ஒண்ணு சேக்கறது. லோடும் தாங்கும், காலி வண்டில கொஞ்சம் குதிக்கும், இருந்தாலும் என் ஓட்டு இதுக்குத்தான். நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் இருக்கறவங்களுக்கு யோகம், லாரிக்கும் ரிக் வண்டிக்கும் பட்டை அடிக்கற பட்டறை தெருவுக்குத் தெரு இருக்கு, வளைவு அளவு சொன்னா அடிச்சே கொடுத்துருவாங்க.

வேலை இப்படித்தான். முன் வீல் ரெண்டுக்கும் முன்னாடி பின்னாடி கட்டை போடுங்க, ஏன்னா ஹேண்ட்பிரேக் பின் வீல்லதான் பிடிக்கும், பின்னாடி தூக்கினதுக்கு அப்புறம் அது போட்டும் பிரயோஜனம் இல்ல. வீல் நட்ட தரையில நிக்கும்போதே லூஸ் பண்ணிட்டு அப்புறம் தூக்குங்க. ஸ்டாண்ட் சேஸிஸ்ல நிக்கணும், பட்டையோட முன் கண்ணுக்கு (போல்ட் போற வளையம்) கொஞ்சம் முன்னாடி. ஆக்சிலுக்கு அடியில இன்னொரு ஜாக்கி, ஏத்தி இறக்க. ஷாக் அப்சார்பர் கீழ் போல்ட்ட கழட்டுங்க, பட்டைய ஆக்சிலோட சேத்துப் பிடிக்கற யூ போல்ட் நட்டுகள குறுக்குக் குறுக்கா லூஸ் பண்ணுங்க, அப்புறம் ஆக்சில மெதுவா இறக்குங்க. இறக்கும்போது பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர், ஹேண்ட்பிரேக் கேபிள் மூணு மேலயும் கண்ணு இருக்கணும், எது விறைப்பா ஆனாலும் அங்கயே நிறுத்தி அதோட கிளிப்ப கழட்டிவிடுங்க.

பட்டைக்கட்டு நடுவுல ஒரு சென்டர் போல்ட் இருக்கும், அதத்தான் பாத்து கழட்டணும். வளைஞ்ச பட்டை எல்லாத்தையும் அது ஒண்ணுதான் இறுக்கிப் பிடிச்சிருக்கு, நட்ட சுத்திக் கழட்டினா படார்னு விரியும், விரல் நடுவுல இருந்தா அவ்வளவுதான். போல்ட்டுக்கு ரெண்டு பக்கமும் சி-கிளாம்ப் போட்டு இறுக்கிட்டு, போல்ட்ட எடுத்துட்டு, கிளாம்ப்ப ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி சுத்து சுத்தா விடுங்க. புதுப் பட்டைய நீள வரிசைப்படி அதோட இடத்துல செருகுங்க. பழைய சென்டர் போல்ட் நீளம் பத்தாது, நீளமா ஒண்ணு முன்கூட்டியே வாங்கி வச்சிருங்க, அதோட தலை ஆக்சில் மேல இருக்கற குழில சரியா உக்காரணும், உக்காரலைனா ஆக்சில் கோணலா போய் வண்டி நண்டு மாதிரி ஓடும்.

யூ போல்ட் புதுசு போடுங்க. ஒரு தடவ இறுக்கின யூ போல்ட் இழுபட்டு நீண்டிருக்கும், அதயே திரும்ப இறுக்கினா பிடிப்பு நிக்காது. நாலு நட்டயும் குறுக்குக் குறுக்கா கொஞ்சம் கொஞ்சமா, கடைசியா டார்க் ரென்ச்ல மேனுவல் அளவுக்கு. இதுல முக்கியம் என்னன்னா பட்டைக் கண்ணு போல்ட்டையும் ஷேக்கிள் போல்ட்டையும் வண்டி தொங்கும்போது ஃபுல்லா இறுக்காதீங்க. வண்டிய தரையில இறக்கி, ரெண்டு தடவ ஆட்டிவிட்டு, அப்புறம் இறுக்குங்க. தொங்கும்போது இறுக்கினா ரப்பர் புஷ் அந்த நிலைலயே இறுகிரும், வண்டி உக்காரும்போது முறுக்கிக்கிட்டே நிக்கும், சீக்கிரமே கிழிஞ்சு கீச்சு கீச்சுனு கத்தும். பட்டறைல அவசரத்துல பல பேர் விடற இடமே இதுதான், வீட்டுல பண்றதுல ஒரு லாபம்னா அந்த அவசரம் நமக்கு இல்ல.

முன்னாடி காயிலும் நானே மாத்தலாமா?

காயில் ஸ்பிரிங்க பிரிக்கற வேலைய வீட்டுல பண்ணாதீங்க. ஷாக்கோட சேந்து அழுத்தி வச்ச ஸ்பிரிங், மேல நடு நட்ட கழட்டினா அத்தனை பலமும் ஒரே நொடில வெளிய வரும். ரோட்டோர கடைல விக்கற கொக்கி மாதிரி ஸ்பிரிங் கம்ப்ரசர் நழுவும், நான் நம்பமாட்டேன். புது காயிலும் புது ஷாக்கும் வாங்கி, சுவத்துல ஃபிக்ஸ் பண்ணின பிரெஸ் இருக்கற சஸ்பென்ஷன் கடைல சேத்து மட்டும் வாங்கிட்டு வாங்க, அத வண்டில ஏத்தறது இறக்கறது வீட்டுலயே பண்ணலாம், மேல மூணு நட்டு, கீழ ஒரு போல்ட்டு.

ஸ்பிரிங்க தொடாம ஷாக்குக்கு மேல ஸ்பேசர் மட்டும் வைக்கறவங்களும் இருக்காங்க. பண்ணலாம், ஆனா ஸ்பேசரோட தடிமன விட வீல்ல தூக்கறது அதிகமா இருக்கும், ஏன்னா ஷாக் கீழ் ஆர்மோட நுனில நிக்கல, நடுவுல நிக்குது. 50 மிமீ லிஃப்ட் வேணும்னு 50 மிமீ ஸ்பேசர் வாங்கிட்டு வந்துராதீங்க.

லிஃப்ட் போட்டாச்சு, அடுத்து?

அன்னிக்கே வீல் அலைன்மென்ட். டோ (வீல் உள்ள வெளிய திரும்பியிருக்கற அளவு) மட்டும் பாத்து அனுப்பற கடை வேண்டாம், கேம்பர் (வீலோட சாய்வு), கேஸ்டர் (ஸ்டியரிங் அச்சோட சாய்வு) ரெண்டும் சரி பண்ணத் தெரிஞ்ச ஆள்கிட்ட போங்க, கேஸ்டர் கொறஞ்சா ஹைவேல ஸ்டியரிங் அலையும். ஹெட்லைட்ட கீழ இறக்குங்க, இல்லன்னா எதுக்க வர்றவன் கண்ணுலதான் அடிக்கும். 100 கிமீ ஓடினதும் வீல் நட்டு, யூ போல்ட் எல்லாம் திரும்ப டார்க் வைங்க, 500ல இன்னொரு தடவ. கிளம்பும்போது அடில இருந்து ஒரு அதிர்வு வந்தா புரொப்பல்லர் ஷாஃப்ட் நடு பேரிங்க பாக்கச் சொல்லுங்க, பின்னாடி தூக்கினதுல கோணம் மாறியிருக்கும்.

வெள்ளம் வந்தா ஸ்நார்கல் காப்பாத்துமா?

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலுக்கு அப்புறம் சென்னைக்காரங்க இதத்தான் அதிகமா கேக்கறாங்க. டீசல் என்ஜின் தண்ணியக் குடிச்சா கனெக்டிங் ராடு வளையும், தண்ணிய அழுத்த முடியாது, அதுதான் விஷயம். ஸ்நார்கல்ங்கற குழாய் என்ஜின் காத்து எடுக்கற வாய மேல கொண்டு போகுது, சரி. ஆனா ஏர் ஃபில்டர் பாக்ஸ் அடியில தண்ணி வடிய ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அத அடைக்காம விட்டா தண்ணி அந்த வழியா ஏறும். ஒவ்வொரு ஜாயின்ட்டும் சீல் ஆகணும். சோதிக்க, என்ஜின் ஐடில்ல ஓடும்போது ஸ்நார்கல் வாய உள்ளங்கையால மூடிப் பாருங்க, என்ஜின் திணறி நிக்கப் பாக்கணும். கவலையே படாம ஓடிட்டே இருந்தா எங்கயோ காத்து இழுக்குதுன்னு அர்த்தம். கைய உடனே எடுத்துருங்க.

அதோட முன் டிஃப், பின் டிஃப், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் எல்லாத்துக்கும் காத்து போய்வர பிரீதர்ங்கற சின்ன வழி உண்டு. சூடான டிஃப் குளிர்ந்த தண்ணில இறங்கினதும் உள்ள இருக்கற காத்து சுருங்கி, பிரீதர் வழியா தண்ணிய இழுக்கும், ஆயில் பால்காப்பி கலருக்கு மாறும். ரப்பர் டியூப் வாங்கி பானட் வரைக்கும் இழுத்து விடறது கம்மி செலவு வேலை, ஸ்நார்கல்ல விட இத முதல்ல பண்ணுங்க. ஃபெண்டர்ல ஓட்டை போடறது திரும்ப வராத வேலை, வெட்டின ஓரத்துல பிரைமர் அடிக்காம விட்டா துரு அங்க இருந்துதான் ஆரம்பிக்கும்.

லைட் பார் ஒயரிங்?

120 வாட்ஸ் லைட்டுன்னா 12 வோல்ட்ல 10 ஆம்பியர். ஹெட்லைட் ஒயர்ல நேரா முடிச்சுப் போட்டு எடுக்காதீங்க. பேட்டரில இருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ், ஃபியூஸ் பேட்டரி பக்கத்துலயே இருக்கணும், அங்க இருந்து 2.5 ஸ்கொயர் ஒயர்ல ரிலேவோட 30க்கு, 87ல இருந்து லைட்டுக்கு, 85ம் 86ம் சுவிட்சுக்கும் எர்த்துக்கும். எர்த் போடற எடத்துல பெயின்ட்ட சுரண்டி இரும்பு தெரியணும். கேபினுக்குள்ள போற ஒயர் ரப்பர் குரோமெட் வழியா போகட்டும், வெறும் தகடு ஓட்டைல விட்டா அதிர்வுல இன்சுலேஷன் அறுபட்டு ஷார்ட் ஆகும். பொது ரோட்டுல இத எரியவிடக்கூடாது, முன்னாடி ஸ்பாட் லைட் மாட்டறதுக்கு மோட்டார் வாகன விதிலயே தடை இருக்கு. தோட்டத்துக்குள்ள மட்டும் வேணும்னா, கழட்டி மாட்டற மாதிரி பிராக்கெட் செஞ்சுக்கோங்க.

புல் பார், வின்ச் போட்டா போலீஸ் பிடிப்பாங்களா?

பிடிப்பாங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துல இருந்து வண்டி மாறக்கூடாதுங்குது. 2017 டிசம்பர்ல மத்திய போக்குவரத்து அமைச்சகம் புல் பார் மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதுச்சு. 2019 ஜனவரில கேரளா கேஸ் ஒண்ணுல உச்ச நீதிமன்றமும் கம்பெனி ஸ்பெக்க மீறி மாத்தக்கூடாதுன்னு சொல்லிருச்சு. அதே வருஷம் சேத்த 182ஏ பிரிவுப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபா அபராதம், இல்லன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் கூட வரலாம். எல்லாரும் ஓட்டறாங்களேன்னு கேட்டா, ஓட்டறாங்கதான், மாட்டற அன்னிக்கு எல்லாரும் கூட வரமாட்டாங்க. இரும்பு புல் பார்ல இன்னொரு சிக்கல், மோதும்போது முன்பக்கம் நசுங்கி வாங்க வேண்டிய அடிய அது நேரா சேஸிஸுக்கு அனுப்பும், ஏர்பேக் விரியற நேரமும் மாறும்.

வின்ச் நிஜமாவே தேவைப்படறவங்க தனியார் எஸ்டேட்டுக்குள்ள ஓட்டறவங்கதான். வண்டியோட மொத்த எடைக்கு ஒன்றரை மடங்குங்கறது கணக்கு, லோடோட 3 டன்னுனு வச்சா 4.5 டன், 9500 பவுண்டு வின்ச் அதுக்கு ஒரு சொட்டு கீழ, 12000 தாராளம். டப்பால போட்டிருக்கற பலம் டிரம்ம ஒட்டி இருக்கற முதல் அடுக்குக்குத்தான், ரோப் மேல மேல சுத்தியிருந்தா பலம் கொறையும், அதனால நீளமா இழுத்து விட்டுக் கட்டுங்க. ஃபுல் லோட்ல 400 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும், என்ஜின் ஓடணும், நடுநடுவுல நிறுத்தணும்.

டோ பால்ல கட்டி இழுக்கலாமா?

கூடாது. கூடவே கூடாது. டிரெய்லர் மாட்டற அந்த குண்டு, சேத்துல மாட்டின வண்டிய வெடுக்குனு இழுக்கற வேகத்துக்கு செஞ்சது இல்ல. அது ஒடிஞ்சு ஸ்ட்ராப்போட பறந்து வந்து ஆள் செத்திருக்காங்க, பல நாட்டுல. சேஸிஸ்ல 10.9 கிரேட் போல்ட்ல மாட்டின, எவ்வளவு தாங்கும்னு எழுதியிருக்கற ஹூக் மட்டும்தான். ரோப் மேல ஒரு சாக்கையோ கனமான துணியையோ போட்டுருங்க, வேடிக்கை பாக்கறவங்கள ரோப் நீளத்துக்கு ஒன்றரை பங்கு தள்ளி நிக்கச் சொல்லுங்க.

பார்ட் வெளிநாட்டுல இருந்து வரவழைக்கலாமா?

தாய்லாந்து, ஆஸ்திரேலியா ரெண்டும் நல்லது. ரெண்டு நாட்டுலயும் டி-மேக்ஸ் (வி-கிராஸோட அங்கத்த பேர்) எக்கச்சக்கமா ஓடுது, ரெண்டுலயும் நம்மள மாதிரி வலது பக்க ஸ்டியரிங், அதனால ஸ்நார்கலோ ஸ்கிட் பிளேட்டோ (வண்டிக்கு அடியில மாட்டற காப்புத் தகடு) அப்படியே பொருந்தும். ஆனா மாடல் வருஷத்துல ஏமாந்துராதீங்க. தாய்லாந்துல 2019 கடைசில புது ஜெனரேஷன் வந்திருச்சு, ஆஸ்திரேலியாவுல 2020ல. இந்தியாவுல 2021ல பிஎஸ்6 ஆனதும் அதே முந்தின ஜெனரேஷன் பாடிதான். உங்க ஆர்சில 2022னு இருக்கறத வச்சு 2022 டி-மேக்ஸ் பார்ட் ஆர்டர் போட்டா ஒண்ணும் மாட்டாது, 2012ல இருந்து 2019 வரைக்கும்னு போட்டிருக்கறதத்தான் எடுக்கணும்.

இன்சூரன்ஸ், வாரண்டி?

பாலிசில மாற்றத்த எழுதிக் கொடுக்காம கிளைம் போனா சர்வேயர் முதல்ல பாக்கறது அதத்தான். தண்ணில என்ஜின் போனா சாதா பாலிசி பொதுவா தராது, என்ஜின் புரொட்டெக்ஷன் ஆட்-ஆன் தனியா எடுக்கணும். வாரண்டி இருக்கற வரைக்கும் டயர், பிரீதர், ஸ்கிட் பிளேட்டோட நிறுத்திக்கறது உத்தமம்.

மாட்டிட்டு எங்க ஓட்டறது?

காப்புக்காட்டுக்குள்ள இல்லீங்க, அனுமதி இல்லாம நுழைஞ்சாலே கேஸ். ரீல்ஸ்ல பாத்துட்டு ஓடையில இறங்கறது வேண்டாம். தெரிஞ்சவங்க தோட்டம், தனியார் எஸ்டேட், காசு கட்டி ஓட்டற ஆஃப்-ரோடு டிராக், அவ்வளவுதான். தனியா போகாதீங்க, ரெண்டு வண்டியா போங்க.

கழட்டின பழைய பார்ட்ட என்ன பண்ண?

இரும்புக் கடைக்குப் போட்டுராதீங்க. காயில், ஷாக், பட்டை சென்டர் போல்ட், ரிம் எல்லாத்தையும் ஆயில் தடவி சாக்குல கட்டி, எந்தப் பக்கத்துதுன்னு பெயின்ட்ல எழுதி வச்சிருங்க. வண்டிய விக்கும்போது வாங்கறவர் ஸ்டாக்லதான் கேப்பார், லிஃப்ட் செட்ட தனியா வித்தா அதுக்கும் ஒரு விலை வரும்.